ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை

2025 மார்ச் 23. மினியாபொலிஸ் நகரத்து ரிட்டர் அரங்கில் அமெரிக்கக் கல்லூரி மகளிர் ஐஸ் ஹாக்கியின் இறுதி ஆட்டம். ஒஹாயோ ஸ்டேட் மூன்று கோல், விஸ்கான்சின் இரண்டு. முடிய 18.9 நொடி இருக்கும்போது, கோல் முகப்பில் எதிரணிப் பெண் ஒருவர் பக் எனும் ரப்பர் வட்டைக் கையால் பொத்திவிட்டார் என்று விஸ்கான்சின் கோச் மார்க் ஜான்சன் முறையிட்டார். நடுவர்கள் வீடியோவைப் போட்டுப் பார்த்துவிட்டு பெனால்டி ஷாட் கொடுத்தார்கள். கிர்ஸ்டன் சிம்ஸ் தன்னந்தனியாக வந்து, கோல்கீப்பரைத் தாண்டிப் பக்கை உள்ளே தள்ளினார். ஓவர்டைம் தொடங்கி மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடி அதே சிம்ஸ். 4-3. விஸ்கான்சினுக்கு எட்டாவது தேசியப் பட்டம். அந்த சீசனில் ஆடிய 41 ஆட்டங்களில் அவர்கள் தோற்றது ஒன்றே ஒன்று.

அந்தப் பதினெட்டு நொடியைப் பற்றி எழுத அமெரிக்காவில் ஆள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு யோசனையெல்லாம் அதற்கு மறுநாளைப் பற்றித்தான். கோப்பையோடு மேடிசன் ஊருக்குத் திரும்பிய அந்த அணி, உண்மையில் அப்போதே கலைந்துவிட்டது. கேசி ஓ'பிரையன் அந்த சீசனில் 88 புள்ளிகள் எடுத்தவர். இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள்தான் நாட்டின் சிறந்த கல்லூரி வீராங்கனைக்கான பேட்டி காஸ்மயர் விருதை வாங்கினார். அவருக்கு இனி அந்தச் சிவப்புச் சட்டை கிடையாது. கொரோனா ஆண்டை யாருடைய கணக்கிலும் சேர்ப்பதில்லை என்று தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் சலுகை தந்ததால்தான் அவர் ஐந்தாம் ஆண்டும் ஆட முடிந்தது. ஜூன் மாதம் ஒட்டாவாவில் நடந்த தொழில்முறை லீக் டிராஃப்டில் மூன்றாவது பெயராக அவரை நியூயார்க் எடுத்துக்கொண்டது. ஆக, மார்ச்சில் நாட்டின் முதல் அணிக்கு முதுகெலும்பாக இருந்தவர் ஜூனில் வேறு ஊர், வேறு சட்டை.

கல்லூரி அணியின் விதியே இதுதான். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆட்கள் முழுக்க மாறிவிடுவார்கள். தொழில்முறை அணிகளில் ஒரு நட்சத்திரத்தைப் பத்து வருடம், பதினைந்து வருடம் வைத்துக்கொள்ளலாம். இங்கே எவ்வளவு பெரிய கோச்சானாலும் தன் சிறந்த வீராங்கனையை பட்டமளிப்பு விழாவில் கைகுலுக்கி அனுப்பியே ஆகவேண்டும். செப்டம்பர் கடைசியில் தொடங்கி மார்ச் கடைசியில் முடியும் சீசனில் நாம் பார்ப்பது, அதற்கு முந்தைய கோடையில் கட்டி முடித்த ஒன்றை. கட்டுகிற வேலை நடப்பது ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரையான ஆறு மாதத்தில். அந்த ஆறு மாதத்துக்கு ஸ்கோர்போர்டு கிடையாது, டிக்கெட் கிடையாது. ஆனால் தீர்மானமாகிற எல்லாம் அப்போதுதான் தீர்மானமாகிறது.

ஆகவே ஏப்ரல் பிறந்ததும் அங்கே ஒரு வகைக் கட்டுரை வரத் தொடங்கும். சித்திரை முதல் நாள் கோயில் மண்டபத்தில் குருக்கள் பஞ்சாங்கம் வாசிப்பாரே, எத்தனை மரக்கால் மழை, எந்த ராசிக்கு வரவு, எதற்குச் செலவு என்று, கிட்டத்தட்ட அதே தொனி. போகிறவர்களோடு எத்தனை கோல் போகிறது, கோல்கீப்பர் இருக்கிறாரா, பாதுகாப்பு வரிசையில் யார் மிச்சம், மினசோட்டாவின் ஷாட்டக் செயின்ட் மேரிஸ் பள்ளியிலிருந்தும் ஒன்டாரியோவின் ஜூனியர் லீக்கிலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் யார் யார் வருகிறார்கள். 2025 கோடையில் விஸ்கான்சினுக்கு வாசித்த பலன் அமோகம். கரோலைன் ஹார்வி, லைலா எட்வர்ட்ஸ், சிம்ஸ் மூவரும் இருந்தார்கள். மூவருமே அந்த ஆண்டு காஸ்மயர் விருதுக்கு ஓ'பிரையனோடு பேசப்பட்டவர்கள். கோல்கீப்பர் ஏவா மெக்நாட்டனும் இருந்தார். ஒருத்தர் போனால் என்ன, சிம்மாசனம் அப்படியே இருந்தது.

இந்தக் கட்டுரைகளை நான் விரும்பிப் படிக்கிறவன். ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு எழுந்து நிற்கக்கூடத் தெரியாதவனுக்கு அந்தப் பெயர்ப் பட்டியல்களில் என்ன சுவை என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. கிரிக்கெட் ரசிகன் ரஞ்சி அணிகளின் பெயர்களைப் படிப்பதில் என்ன சுவையோ அதுதான். ஆனால் படிக்கப் படிக்க ஒரு குறை தெரிகிறது. அவை எல்லாவற்றையும் எண்ணுகின்றன, ஒன்றை மட்டும் எண்ணுவதில்லை. செப்டம்பரில் அந்த அணி இருக்கும் என்பதை அவை கேள்வியே கேட்காமல் எடுத்துக்கொள்கின்றன. சீசன் நடக்கும்போது அணி, வீராங்கனைகளுடையது போலவும் கோச்சுடையது போலவும் ரசிகர்களுடையது போலவும் தோன்றும். அது உண்மையில் யாருடையது என்பது ஆட்டம் நின்றபின்தான் வெளியே வரும்.

கோச்சிலிருந்தே ஆரம்பிக்கலாம். மார்க் ஜான்சன் சாதாரண ஆள் இல்லை. 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் சோவியத் அணியை வீழ்த்திய அமெரிக்கக் கல்லூரிப் பையன்களில் ஒருவர். அந்த ஆட்டத்தில் இரண்டு கோல் அவருடையது, அதில் ஒன்று முதல் பகுதி முடிய ஒரே ஒரு நொடி இருக்கும்போது போட்டது. அவர் தந்தை பாப் ஜான்சன் இதே விஸ்கான்சினின் ஆண்கள் அணிக்குப் பேர் போன கோச். மகன் 2002-ல் மகளிர் அணியை ஏற்றார். அணி தொடங்கி அப்போது மூன்றே சீசன் ஆகியிருந்தது. 2006, 2007, 2009, 2011, 2019, 2021, 2023, 2025 என்று எட்டுப் பட்டங்களும் அவர் காலத்தில் வந்தவை.

இந்த வரிசையில் 2009-க்கும் 2011-க்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. 2009 மார்ச்சில் பட்டம் வென்ற அணி. கோடையில் ஜான்சன் ஒரு வருட விடுப்பு எடுத்துக்கொண்டு வான்கூவர் ஒலிம்பிக்குக்கான அமெரிக்க மகளிர் அணியைப் பயிற்றுவிக்கப் போனார். ஹிலரி நைட், மேகன் டக்கன் போன்றவர்களும் கல்லூரியிலிருந்து ஒதுங்கி ஒலிம்பிக் அணிக்குப் போனார்கள். அடுத்த சீசனில் விஸ்கான்சின் தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. அதற்கடுத்த கோடையில் எல்லோரும் திரும்பினார்கள். 2011-ல் மறுபடி பட்டம், டக்கனுக்குக் காஸ்மயர் விருது. இரண்டு கோடைகளில் நடந்த போக்குவரத்துதான் அந்த மூன்று ஆண்டுக் கதை முழுவதும். குளிர்காலத்தில் மேடிசனில் நடந்தவை அதன் விளைவுகள்.

இது அழகான பள்ளம். மேலே ஏறி வந்துவிட்டார்கள். ஏறமுடியாத பள்ளங்களும் உண்டு.

அவற்றுக்கு வருவதற்கு முன், ஐஸைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் வெயிலில் உட்கார்ந்து யோசிக்கும்போது அது அங்கே இயற்கையாகக் கிடைப்பது என்று தோன்றும். மினசோட்டா ஏரிகளில் அப்படித்தான். கல்லூரி அரங்கத்தில் அப்படி இல்லை. கான்கிரீட் தளத்துக்கு அடியில் குழாய்கள். அவற்றில் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த உப்புநீரோ வேறு குளிர்விப்புத் திரவமோ ஓடிக்கொண்டே இருக்கும். மேலே படலம் படலமாகத் தண்ணீர் தெளித்து உறையவைத்து, வெள்ளையடித்து, கோடும் வட்டமும் வரைந்து, அதன்மேல் இன்னும் தெளிக்க வேண்டும். 200 அடி நீளம், 85 அடி அகலம், ஓர் அங்குலம் அல்லது சற்றுக் கூடுதல் கனம். கம்ப்ரெஸரை நிறுத்தினால் எல்லாம் தண்ணீர். கோடையில் பல அரங்கங்களில் நிறுத்தியும் விடுகிறார்கள். கூடைப்பந்து மைதானத்தைப் பூட்டிவிட்டு ஐந்து வருடம் கழித்துத் திறந்தாலும் தூசு தட்டி ஆடலாம். ஐஸ் ரிங்க் ஒவ்வொரு நாளும் யாரோ கரண்ட் பில் கட்டுவதால் மட்டுமே இருப்பது. பில் கட்டுகிறவர் அந்த ரிங்கின் சொந்தக்காரர்.

மினசோட்டா பல்கலைக்கழகம் 2002-ல் ரிட்டர் அரங்கைக் கட்டியது. கல்லூரி மகளிர் ஹாக்கிக்கென்றே கட்டப்பட்ட முதல் அரங்கம் அதுதான். விஸ்கான்சின் 2012-ல் தன் பெண்களுக்கு லாபான் அரங்கைத் திறந்தது, இரண்டாயிரத்துச் சொச்சம் இருக்கைகள். இவை இரண்டும் வெறும் வசதி என்று நினைத்தால் தவறு. ஆண்கள் அணி ஆடி முடித்த ரிங்கில் மிச்ச நேரத்தைக் கேட்டு வாங்கும் அணிக்கும், தன் பெயரில் ரிங்க் உள்ள அணிக்கும் உள்ள வித்தியாசம், குத்தகை நிலத்துக்கும் பட்டா நிலத்துக்கும் உள்ளது. சீசனில் அது பெரிதாகத் தெரியாது. நிர்வாகம் செலவுப் பட்டியலை எடுத்துவைத்து எதை வெட்டலாம் என்று பார்க்கும் மே மாதத்தில் தெரியும். கட்டிடத்தை யாரும் வெட்டுவதில்லை.

2017 ஜனவரி 14 அன்று விஸ்கான்சின் மகளிர் அணி தன் சின்ன அரங்கத்தை விட்டு, பக்கத்தில் உள்ள பெரிய கோல் சென்டரில் ஆடியது. வந்தவர்கள் 15,359 பேர். கல்லூரி மகளிர் ஹாக்கியில் அதுவரை அத்தனை கூட்டம் கூடியதில்லை. அதற்கு இரண்டரை மாதம் கழித்து, அதே லீக்கில் ஆடும் இன்னோர் அணிக்கு நடந்தது இது.

வடக்கு டகோடா பல்கலைக்கழகம், கிராண்ட் ஃபோர்க்ஸ். ஹாக்கிதான் அந்த ஊரின் அடையாளம். லாஸ் வேகஸில் சூதாட்ட விடுதி நடத்திப் பணம் பண்ணிய பழைய மாணவர் ரால்ஃப் எங்கல்ஸ்டாட் பத்துக் கோடி டாலருக்கு மேல் கொட்டிக் கட்டிக்கொடுத்த அரங்கம் அங்கே 2001-லிருந்து இருக்கிறது. தோல் இருக்கைகள், கிரானைட் தரை. 2016-ல் அங்குள்ள ஆண்கள் அணி எட்டாவது தேசியப் பட்டம் வாங்கியிருந்தது. மகளிர் அணி 2002-ல் தொடங்கியது. பட்டம் வென்றதில்லை, ஆனால் சும்மா இருந்த அணியும் இல்லை. மினசோட்டா அணி 2012 தொடக்கத்திலிருந்து தோல்வியே அறியாமல் தொடர்ந்து 62 ஆட்டங்களில் வென்றது. நடுவே 2012-13 சீசன் முழுக்க 41-0. அந்தத் தொடரை 2013 நவம்பரில், அதுவும் மினசோட்டாவின் சொந்த ரிட்டர் அரங்கிலேயே, 3-2 என்று முறித்தது வடக்கு டகோடா.

ஊர்ப் பெண்களான இரட்டையர் ஜோசலின் லமூரு, மோனிக் லமூரு இருவரும் அந்த அணியில் ஆடியவர்கள். தந்தை அதே பல்கலைக்கழகத்தின் முன்னாள் கோல்கீப்பர். சகோதரிகள் முதல் ஆண்டு மினசோட்டாவில் சேர்ந்து, பிறகு சொந்த ஊருக்கே மாறி வந்தார்கள். அவர்கள் வந்தபின் அணியின் மதிப்பு ஏறியது. ஃபின்லாந்திலிருந்தும் வீராங்கனைகள் வரத் தொடங்கினார்கள். உலகத்தின் வடகோடி நாடுகளின் பெண்கள் ஹாக்கியாட, கோதுமை வயல் நடுவே இருக்கும் அந்தச் சிற்றூரைத் தேடி வந்தார்கள்.

2017 மார்ச்சில் அமெரிக்கத் தேசிய மகளிர் அணி வேலைநிறுத்தம் செய்யாத குறை. மிச்சிகனில் உலக சாம்பியன்ஷிப். சொந்த நாட்டில் நடக்கும் போட்டியை, நியாயமான ஊதியமும் ஆதரவும் கிடைக்காவிட்டால் புறக்கணிப்போம் என்று மார்ச் 15-ல் அறிவித்தார்கள். தேசிய ஹாக்கிச் சங்கம் மாற்று ஆட்களைத் தேடியது. கல்லூரிப் பெண்கள், பள்ளிப் பெண்கள் உட்பட ஒவ்வொருவராக மறுத்தார்கள். மார்ச் 28 அன்று சங்கம் இறங்கிவந்து ஒப்பந்தம் போட்டது. லமூரு சகோதரிகள் அந்தப் பேச்சுவார்த்தையில் முன்னணியில் இருந்தவர்கள். பெண்கள் ஹாக்கி அமெரிக்காவில் கண்ட மிகப் பெரிய வெற்றி நாள் அது என்று அன்று இரவு பேசிக்கொண்டார்கள்.

மார்ச் 29. வடக்கு டகோடா பல்கலைக்கழகம் தன் மகளிர் ஹாக்கி அணியை நிறுத்துவதாக அறிவித்தது. ஆண், பெண் நீச்சல் அணிகளும் கூடவே. மாநில அரசு நிதியைக் குறைத்துவிட்டது, விளையாட்டுத் துறைக்குச் செலவைச் சுருக்க வேண்டியிருக்கிறது என்பது காரணம். பல வீராங்கனைகளுக்குச் செய்தி நிர்வாகத்திடமிருந்து வருவதற்கு முன் வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. சீசன் முடிந்து, அடுத்த ஆண்டுக்கான திட்டங்கள் ஓடிக்கொண்டிருந்த நேரம். புதிதாகச் சேரப்போகும் பெண்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அடுத்த சீசன் பற்றி ஏப்ரலில் யாராவது எழுதியிருக்கக்கூடிய பலன் மோசமாக இருந்திருக்காது.

தேதியைக் கவனியுங்கள். மார்ச் 29. அக்டோபரில் நிறுத்தினால் அரங்கத்தில் ஆள் இருக்கும், கூச்சல் போடும். எதிரணி பாதி வழியில் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும். ஜனவரியில் நிறுத்தினால் லீக் அட்டவணை கிழியும், சக பல்கலைக்கழகங்கள் சண்டைக்கு வரும். சீசன் முடிந்து, மாணவர்கள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டும் ஊருக்கு மூட்டை கட்டிக்கொண்டும் இருக்கும் நேரத்தில் நிறுத்தினால், எதிர்ப்பு என்ற ஒன்று திரளுவதற்குள் ஆட்கள் நான்கு திசைக்குப் போய்விடுவார்கள். இதை நிர்வாகத்தினர் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நிதியாண்டு ஜூனில் முடிகிறது, பட்ஜெட் அப்போதுதான் போடவேண்டும். ஆனால் கணக்கு வசதிக்கு ஏற்ற நாளும் எதிர்ப்பு எழாத நாளும் ஒன்றாக அமைவது அவர்களுக்கு ஒருபோதும் தொந்தரவாக இருந்ததில்லை.

பின்கதை தெரிந்ததுதான். 2018 பிப்ரவரி 22, பியோங்சாங் ஒலிம்பிக். கனடாவிடம் அமெரிக்கா ஒரு கோல் பின்தங்கியிருக்க, மூன்றாவது பகுதியில் சமன் செய்தவர் மோனிக். ஷூட்அவுட்டில் வெற்றிக் கோல் போட்டவர் ஜோசலின். கனடா கோல்கீப்பர் ஒரு பக்கம் சரிய, பக்கை மறுபக்கம் இழுத்து நிதானமாக உள்ளே விட்ட அந்தக் கோலைப் பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள். இருபது வருடத்துக்குப் பின் அமெரிக்க மகளிருக்குத் தங்கம். அந்த இரண்டு கோல்களையும் போட்ட இருவரும் ஆடிய கல்லூரி அணி, அன்றைக்கு உலகத்தில் இல்லை.

1972-ம் ஆண்டின் டைட்டில் ஒன்பது சட்டம் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றும். மத்திய அரசின் பணம் வாங்கும் கல்வி நிறுவனத்தில் பாலினப் பாகுபாடு கூடாது என்ற அந்தச் சட்டம் இல்லாவிட்டால் இந்த அணிகள் எதுவுமே பிறந்திருக்காது. ஆனால் அந்தச் சட்டம் வாய்ப்புகளின் மொத்தக் கணக்கைப் பார்ப்பது, குறிப்பிட்ட ஒரு விளையாட்டுக்கு ஆயுள் உத்தரவாதம் தருவது அல்ல. கூடவே ஓர் ஆண்கள் அணியையும் வெட்டினால் கணக்குச் சரிக்கட்டப்படும். வடக்கு டகோடாவில் ஆண்கள் நீச்சல் அணி பலியானது அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே மகளிர் ஹாக்கி அணியின் முன்னாள் வீராங்கனைகள், ஆண்களுக்கு ஹாக்கி இருக்கும் இடத்தில் பெண்களுக்கும் இருக்கவேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, 2021 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்குக்கு மறுபடி உயிர் கொடுத்தது. நான்கு வருடம். ஒரு கல்லூரி வீராங்கனையின் ஆட்ட வாழ்வு அவ்வளவுதான். நீதி ஓடும் வேகமும் ஸ்கேட் ஓடும் வேகமும் வேறு.

பிட்ஸ்பர்க் பக்கத்தில் ராபர்ட் மோரிஸ் பல்கலைக்கழகம் இதைவிட விசித்திரமான கோடையைப் பார்த்தது. 2021 மார்ச்சில் அதன் மகளிர் அணி தன் லீக் பட்டத்தை வென்று தேசியப் போட்டியின் எட்டு அணிகளில் ஒன்றாக நின்றது. மே 26 அன்று ஆண், பெண் இரு ஹாக்கி அணிகளும் ரத்து. தோற்ற அணியை மூடுவதில் ஒரு முரட்டு நியாயமாவது உண்டு. இங்கே அதுவும் இல்லை. பழைய மாணவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அறக்கட்டளை வைத்துப் பணம் திரட்டினார்கள். டிசம்பரில் நிர்வாகம் மனம் மாறியது. 2023-24 சீசனில் அணிகள் திரும்பி வந்தன. அதே பெயர், அதே நிறம், நடுவில் இரண்டு சீசன் காணோம். சொந்த ஊரை விட்டு அங்கே வந்து சேர்ந்திருந்த பெண்கள் அந்த ஒரே கோடையில் ஆளுக்கொரு கல்லூரிக்குச் சிதறியாயிற்று. ஆனாலும் இந்தக் கதையை நான் நல்ல கதையாகவே வைத்திருக்கிறேன். நின்ற ரிங்க் மறுபடி உறைந்ததற்கு உதாரணங்கள் அதிகம் இல்லை.

கார்னெல் கதை யாருடைய தவறும் இல்லாமல் நடந்தது. 2020 மார்ச்சில் நாட்டில் முதலிடத்தில் இருந்த மகளிர் அணி கார்னெல். 28 வெற்றி, 2 தோல்வி, 3 சமன். தேசியப் போட்டி தொடங்க இரண்டொரு நாள் இருக்கும்போது கொரோனா எல்லாவற்றையும் நிறுத்தியது. அடுத்த குளிர்காலம் ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் ஆடவே இல்லை. முதலிடத்தில் இருந்த அணி அடுத்த ஆட்டத்தை ஆடியது 2021 இலையுதிர் காலத்தில். அதற்குள் கடைசி ஆண்டுக்காரர்கள் இரண்டு வரிசை வெளியேறிவிட்டது. ஆறு மாதம் நீளவேண்டிய இடைவெளி ஒன்றரை வருடம் நீண்டால் கல்லூரி அணியில் பாதி ஆள் காணாமல் போவார்கள். எந்தப் பயிற்சியாளரும் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

2025 கோடையில் வந்தது இன்னொரு வகைச் சோதனை. கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் தரலாம் என்ற சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஜூன் 6 அன்று ஒப்புதல் தந்தார். முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பகிர்ந்து தரலாம். அதில் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகும் என்பதை எல்லோரும் அறிவார்கள். இதை ஏற்ற கல்லூரிகளில் ஹாக்கி அணிக்கு 26 பேர் என்று உச்சவரம்பு. முன்பு ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, மகளிருக்கு 18 ஸ்காலர்ஷிப் அளவுக்கு மட்டும் கட்டுப்பாடு. இனி 26 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம். கொடுக்கலாம் என்பது சட்டம். கொடுக்கப் பணம் இருக்கிறதா என்பது வேறு. இருபத்தேழாவதாகவும் இருபத்தெட்டாவதாகவும் இருந்த பெண்கள் அந்த வசந்தத்தைக் கண்விழித்தே கழித்திருப்பார்கள். இருப்பவர்களை வெளியே தள்ளாதபடி வழி செய்யச் சொல்லி நீதிபதி அழுத்தம் கொடுத்ததால்தான் ஒப்புதலே ஏப்ரலிலிருந்து ஜூன் வரை தள்ளிப்போனது. அவருக்கு ஒரு நன்றி.

இந்தப் பணப் பந்தயத்தில் யார் தாங்குவார்கள்? என் கணிப்பு இரண்டு கோடிகளில் உள்ளவர்கள். ஒரு கோடியில் விஸ்கான்சின், மினசோட்டா போன்ற பெரிய இடங்கள். பணமும் உண்டு, பெண்கள் பெயரில் கட்டிடமும் உண்டு. மறு கோடியில் கிளார்க்சன். நியூயார்க் மாநிலத்தின் வடமூலையில் பாட்ஸ்டாம் என்ற சின்ன ஊர். மற்ற எல்லா விளையாட்டும் மூன்றாம் பிரிவில். ஹாக்கி மட்டும் முதல் பிரிவில். கால்பந்து அணி என்ற யானைக்குத் தீனி போட வேண்டியதில்லை. அந்த அணி 2014, 2017, 2018 என்று மூன்று தேசியப் பட்டம் வாங்கியிருக்கிறது, 2017-ல் விஸ்கான்சினையே 3-0 என்று தோற்கடித்து. கிளார்க்சனில் ஹாக்கியை வெட்டினால் வெட்ட வேறெதுவும் மிஞ்சாது. பயமெல்லாம் நடுவில் இருப்பவர்களுக்குத்தான். நடுத்தர அளவுப் பல்கலைக்கழகம், ஆண்களோடு பகிரும் ரிங்க், முதல் பிரிவில் கால்பந்து, மகளிர் ஹாக்கிக்கு நாலைந்து நூறு பேர் கூட்டம். அப்படிப்பட்டவர்களின் ஏப்ரல் கட்டுரையில் கோல் கணக்குக்கு முன்னால் போடவேண்டிய கணக்கு வேறு.

நல்ல செய்தியே இல்லையா என்றால், இருக்கிறது. 2024 ஜனவரி 1-ல் தொடங்கிய தொழில்முறை மகளிர் லீக் ஆறு அணிகளில் ஆரம்பித்து அடுத்த ஆண்டே சியாட்டில், வான்கூவர் என்று எட்டாகப் பெருகியது. முன்பெல்லாம் ஓ'பிரையனைப் போன்ற ஒருவருக்குக் கல்லூரி முடிந்தால் ஒலிம்பிக் அணி, இல்லையென்றால் வேலை தேடுவது. இப்போது போக ஓர் இடம் இருக்கிறது. டெலாவேர் பல்கலைக்கழகம் 2025-ல் புதிதாக மகளிர் அணி தொடங்கியது. தேசியப் போட்டியும் எட்டு அணிகளிலிருந்து 2022-ல் பதினொன்றாக விரிந்தது. விளையாட்டு வளர்கிறது, அதில் சந்தேகம் இல்லை. வளர்ச்சி என்பது மொத்தத்துக்குச் சொல்லும் வார்த்தை. நிறுத்தப்படுவது எப்போதும் ஒரு குறிப்பிட்ட ஊரின் குறிப்பிட்ட அணி.

இந்த மாதங்களில் வீராங்கனைகள் என்ன செய்கிறார்கள் என்பதை மறந்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். விதிப்படி சீசனில் வாரம் 20 மணி நேரம்வரை பயிற்சி, சீசன் இல்லாதபோது 8 மணி நேரம். அது கல்லூரி கணக்கு. மற்ற நேரம் அவர்களே எடை தூக்குகிறார்கள், ஊரில் எங்கே ஐஸ் கிடைக்கும் என்று அலைகிறார்கள், வீட்டு கராஜில் பிளாஸ்டிக் தகடு போட்டு ஸ்டிக்கும் பக்குமாக நிற்கிறார்கள். கோடை வகுப்பு எடுக்கிறார்கள். தேறியவர்கள் ஆகஸ்டில் தேசிய முகாமுக்குப் போகிறார்கள். அணி மாற நினைப்பவர்கள் போர்ட்டலில் பெயரைப் பதிந்துவிட்டு போன் வருமா என்று காத்திருக்கிறார்கள். யாரும் பார்க்காமல், யாரும் கைதட்டாமல். செப்டம்பரில் நாம் பார்க்கும் வேகம் இந்த மாதங்களில் சேர்த்தது. இவ்வளவையும் அவர்கள் செய்வது, போய்ச் சேரும்போது அங்கே ஐஸ் இருக்கும் என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கைக்கு எழுத்தில் எந்த உத்தரவாதமும் கிடையாது. ஸ்காலர்ஷிப் கடிதத்தில் படிப்புச் செலவுக்கு உறுதி உண்டு, அணிக்கு இல்லை.

ஆகவே ஏப்ரல் பலன் எழுதுகிறவர்களிடம் ஒரு கோரிக்கை. போனவர்களின் கோல்களை எண்ணுங்கள், வருகிறவர்களின் பள்ளிப் பெயர்களைப் போடுங்கள், நானும் படிக்கிறேன். அதோடு மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதுங்கள்: அந்த அணியின் அடுத்த ஆண்டுப் பட்ஜெட்டில் கையெழுத்து விழுந்துவிட்டதா, ரிங்கில் அதற்கு யாரும் பறிக்கமுடியாத நேரம் எவ்வளவு, அதை நிறுத்தலாம் என்று நிர்வாகக் கூட்டத்தில் கடைசியாக யார் எப்போது பேசினார்கள். கிராண்ட் ஃபோர்க்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆண்கள் ஒவ்வொரு இலையுதிர் காலமும் அந்தக் கிரானைட் அரங்கில் ஆடுகிறார்கள். பெண்களுக்கான அணி இன்னும் வரவில்லை.